ஆறு மணி மெசேஜ்

லிஃப்ட் ரிப்பேர்காரன் செய்தது உலகத்தில் யாரும் செய்யாத பாவம் ஒன்றுமில்லை. மனைவிக்கு ஒரு நாளில் ஆறு மெசேஜ் அனுப்ப வேண்டும். அந்த ஆறையும் முந்தின நாள் சாயங்காலமே எழுதி, நேரம் குறித்து, ஃபோனுக்குள் போட்டு வைத்துவிட்டான். எட்டு மணிக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, கடைசியாக ஆறு. நேரம் வந்ததும் அது அது தானாகக் கிளம்பிப் போய்விடும். எழுதி முடித்ததும் தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டான், பாருங்கள்.

போன வருஷம் நடந்ததற்கு இது பரிகாரம். அப்போது இதே கடற்கரைச் சாலையில், இதே சைக்கிளில், தனியாக நூற்றறுபது கிலோமீட்டர் போனான். வழியில் சிக்னல் இல்லை (டவர் வந்தது அதற்கப்புறம்தான்), ஒன்பது மணி நேரம் பேச்சுமூச்சில்லை. வீட்டில் மனைவியும் அவனுடைய அப்பாவும் வாசலுக்கும் ஃபோனுக்கும் நடந்து நடந்து ஓய்ந்துபோனார்கள். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் எகிறி, டாக்டர் வீட்டுக்கு வரும்படி ஆயிற்று. ரிட்டையர் ஆன பஸ் டிரைவர் அவர். ரோடு என்றால் என்னவெல்லாம் நடக்கும் என்று அவருக்குத் தெரியாததா!

அடுத்த நாள் திரும்பி வந்தவனை மனைவி திட்டவில்லை. தட்டை வைத்துச் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "இனிமே போகணும்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு மெசேஜ் வரணும். எனக்காக இல்ல, மாமாவுக்காக. வராட்டி சைக்கிளைக் காயலான் கடையில போட்டுட்டுதான் மறுவேலை" என்றாள். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் உட்காருகிறவள். நேரம் சொன்னால் நேரம்தான் அவளுக்கு.

அவனுக்கு என்ன கஷ்டம் என்றால், மிதிக்கிறவனுக்கு நிறுத்துவது பிடிக்காது. ஒரு மணி நேரம் மிதித்த பிறகு கால் ஒரு தாளத்துக்கு வந்துவிடும். மூச்சு அதோடு சேர்ந்துகொள்ளும். அப்புறம் மண்டைக்குள் ஒன்றும் இருக்காது, லிஃப்ட் இல்லை, கம்பெனி இல்லை, 'சார் ஏழாவது மாடியில மாட்டிக்கிச்சு' என்கிற ஃபோன் இல்லை. அந்த நேரத்தில் இறங்கி, கையுறையைக் கழற்றி, 'நலமாக இருக்கிறேன்' என்று தட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? எவனால் முடியும்? அதனால்தான் எழுதி வைத்தான். இது பொய்யா என்று ஒரு நிமிஷம் யோசிக்கவும் செய்தான். பொய் இல்லை, கொஞ்சம் முன்னாடியே சொல்லிவைக்கிற உண்மை என்று தனக்குத்தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டான். மனைவியிடம் மட்டும் ஒரு விதி சொல்லி வைத்தான்: "ரிங் போய் நான் எடுக்கலைன்னா மிதிச்சிட்டிருக்கேன்னு அர்த்தம். அடுத்த மெசேஜ் வர்ற வரைக்கும் பதறாத."

ஞாயிற்றுக்கிழமை. விடியும் முன்னே கிளம்பினான். அப்பா எழுந்து வந்து தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தார். "அந்தக் கடைசி ஊர்ல துணித் தொப்பி விப்பான். விளிம்பு அகலமா இருக்கும். எனக்கு ஒண்ணு பாரு. வெயில் மண்டையைப் பிளக்குது" என்றார்.

"சரிப்பா. என்ன கலர்?"

"இந்த வயசுல எனக்கு என்ன கலர் வேண்டிக்கிடக்கு. தலையில நின்னா போதும்."

அவன் சிரித்துக்கொண்டே ஏறி மிதித்தான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

எட்டு மணிக்கு முதல் மெசேஜ் போனது. 'முதல் டீ ஆச்சு. ரெண்டு முட்டை. உன் டீக்குப் பக்கத்துல வராது.' ஃபோன் கைப்பிடிக்கு நடுவில் பிளாஸ்டிக் கவ்வியில் உட்கார்ந்திருந்தது. மெசேஜ் போகும்போது 'சொட்' என்று ஒரு சத்தம், வரும்போது 'டிங்' என்று ஒரு சத்தம். 'சரி. தண்ணி குடிங்க' என்று அவளிடமிருந்து வந்தது. அவன் டீயும் குடித்திருக்கவில்லை, முட்டையும் தின்றிருக்கவில்லை. பையிலிருந்த வாழைப்பழத்தை உரித்து வாயில் திணித்துக்கொண்டு மிதித்துக்கொண்டே இருந்தான். சந்தோஷமாக இருந்தான், அதை மறைப்பானேன்.

சாலைக்கு இடது கைப்பக்கம் கடல். ஓரத்தில் மதில் அளவுக்குக் கரை கட்டி, அதற்குக் கீழே அலையைத் தடுக்க ஆளுயரக் கான்கிரீட் கட்டைகளைக் கொட்டிவைத்திருந்தார்கள். நான்கு பக்கமும் கால் நீட்டிய கட்டைகள், ஒன்றன்மேல் ஒன்று தாறுமாறாக. சாலைக்கும் அதற்கும் நடுவே இரும்புத் தடுப்பு. ஒரு வளைவில் மட்டும் முப்பது அடிக்கு அந்தத் தடுப்பு இல்லை. எவனோ கழற்றி விற்றுத் தின்றிருக்கிறான். அவன் நல்லா இருப்பானா?

இருநூற்றுப் பதினாலாம் கிலோமீட்டர் கல்லைத் தாண்டியதும் அந்த வளைவு. சாலையில் காற்று அடித்துக் கொண்டுவந்து போட்ட மணல். பின்னால் ஒரு லாரி உரசுகிற மாதிரி வந்தது. அவன் ஓரத்துக்கு ஒதுங்கினான். முன்சக்கரம் மணலில் வழுக்கியது. அதற்கு மேல் அவன் கையில் ஒன்றும் இல்லை. லாரிக்காரன் பார்த்திருக்கவே மாட்டான். நேரம் ஒன்பது நாற்பது.

கண் திறந்தபோது இரண்டு கட்டைகளுக்கு நடுவே இடுக்கில் உட்கார்ந்த வாக்கில் கிடந்தான். கொஞ்சம் அசைந்து பார்த்தான். இடது இடுப்பிலிருந்து கிளம்பிய வலி உச்சந்தலை வரைக்கும் போய்த் திரும்பியது. காலை 'வா' என்றால் வரவில்லை. ஏதோ வேறு யாருடைய காலோ பக்கத்தில் கிடக்கிற மாதிரி கிடந்தது. கீழே, பாதத்துக்கு ஒரு முழம் தள்ளித் தண்ணீர் நுரைத்துக்கொண்டிருந்தது. பை எப்போதோ கடலுக்குள் போய்விட்டது. துணி, மருந்து, சார்ஜ் போடுகிற டப்பா எல்லாம் அதோடு போயிற்று.

சைக்கிள் மேலே நின்றது. அவன் தலைக்கு மேல் பத்தடி உயரத்தில், இரண்டு கட்டைகளின் கால்களுக்கு நடுவே பின்சக்கரம் சிக்கி, கைப்பிடி அவனைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. கவ்வியில் ஃபோன் பத்திரமாக இருந்தது. சாலையிலிருந்து பார்த்தால் சைக்கிளும் தெரியாது, அவனும் தெரியமாட்டான். கத்திப் பார்த்தான். அலை அவன் சத்தத்தை வாயிலிருந்து வெளியே வந்த உடனே விழுங்கியது. மேலே வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன.

'சொட்.'

பத்து மணி. எழுதி வைத்தவனுக்கு என்ன போகிறது என்று தெரியாதா? 'தொண்ணூறு கிலோமீட்டர் ஆச்சு. காத்து முதுகுல. ராஜா மாதிரி போறேன்.' ராஜா கான்கிரீட் இடுக்கில் கிடந்தான். வலியோடு வலியாகச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு கொன்றது.

'டிங்.' பதில் வந்தது. சரி என்று போட்டிருப்பாள். அப்புறம் ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. முழுசாக அடித்து நின்றது. மறுபடி அடித்தது. அவன் தலையை நிமிர்த்திப் பார்த்தான். மெசேஜ் போன கையோடு இவள் கூப்பிடுகிற வழக்கம் இல்லையே. மூன்றாவது தடவையும் அடித்தது. 

"கண்டுபிடிச்சிட்டா!" என்று வாய்விட்டே சொன்னான். "கெட்டிக்காரி. அந்த ராஜா வார்த்தையே இடிச்சிருக்கும் அவளுக்கு. நான் எப்ப அப்படியெல்லாம் பேசியிருக்கேன்?"

பத்தரைக்குள் ஏழு தடவை அடித்தது. ஒவ்வொரு தடவையும் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. நடுவே ஒரு டிங். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னும் ஒரு டிங். அவன் மனசுக்குள் கணக்குப் போட்டான். சந்தேகப்பட்டுவிட்டாள். மச்சானுக்குச் சொல்லியிருப்பாள். அவள் தம்பிக்கு வண்டி இருக்கிறது. அப்பா பஸ் டிரைவர், இந்தச் சாலையின் ஒவ்வொரு வளைவும் அவருக்கு அத்துப்படி. இரண்டு மணி நேரம், மிஞ்சிப்போனால் இரண்டரை மணி நேரம். ஒரு மணிக்குள் மேலே ஒரு தலை எட்டிப் பார்க்கும்.

ஆகவே என்ன செய்தான்? காத்திருந்தான்.

இருபத்திரண்டு வருஷமாக அவன் மற்றவர்களுக்குச் சொன்னது அதுதான். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருக்கிறவர்கள் மணியை அமுக்குவார்கள். உடனே ஒரு பெண் குரல் பேசும்: 'பதற வேண்டாம். உங்கள் அழைப்பு பதிவாகிவிட்டது. நீங்களாக வெளியேற முயல வேண்டாம். உதவி வந்துகொண்டிருக்கிறது.' பேசுகிற அந்தப் பெட்டியை எத்தனை கட்டடத்தில் பொருத்தியிருப்பான்! அந்தக் குரல் பேசும்போது பெரும்பாலும் இவன் இன்னும் டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். "அந்தம்மா ஒரு வார்த்தை சொன்னா போதும், அரை மணி நேரம் எல்லாரும் வாயை மூடிட்டு நிப்பாங்க. நாம டீயை ஆத்திக் குடிச்சிட்டுக் கிளம்பலாம்" என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். இப்போது அவனே அந்தம்மா சொல்லைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அசைந்தால் எலும்பு இன்னும் நொறுங்கும், வருகிறவர்கள் வந்து தூக்கட்டும் என்று.

பன்னிரண்டுக்கு 'சொட்'. அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். ஆறில் இந்த ஒன்றை எழுதும்போதுதான் அவன் ரொம்பச் சிரித்தான். 'ஐயோ, விழுந்துட்டேன்! ...பெஞ்சுல. மரத்தடியில ஒரு மணி நேரம் தூக்கம். பயந்துட்டியா?' எழுதின கையை வெட்டலாம் போலிருந்தது. ஆனாலும் ஒரு நப்பாசை. இதைப் பார்த்தால் அவளுக்குச் சந்தேகம் உறுதிப்பட்டுவிடும் என்று நினைத்தான். உடனே டிங் வந்தது. உடனே ஃபோனும் அடித்தது. "அடி, அடி, நல்லா அடி" என்றான்.

வெயில் ஏறியது. உதடு உப்பில் வெடித்தது. பாட்டில் சைக்கிளிலேயே மாட்டியிருந்தது, அப்பா நிரப்பிக் கொடுத்த பாட்டில். அண்ணாந்தால் தெரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்கத் தொண்டை இன்னும் காய்ந்ததால் பார்ப்பதை விட்டான். ஒரு மணி ஆயிற்று என்பது வெயிலை வைத்து அவன் போட்ட உத்தேசம். தலை ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு டிங், அரை மணி போல் கழித்து இன்னொரு டிங். ஃபோன் அடித்தது. இரண்டு மணிக்கு 'சொட்': 'சாப்பாடு ஆச்சு, வயிறு முட்ட. இனி மெதுவாத்தான் மிதிக்கணும்.' இதற்கு டிங் வரவில்லை. ஃபோனும் ரொம்ப நேரம் அடிக்கவில்லை. வண்டியில் ஏறி வந்துகொண்டிருப்பாள், அதனால்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். மூன்று மணிக்கு மேல் இரண்டு தடவை அடித்து, பாதியில் நின்றது.

தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்ததை அவன் அப்போதுதான் கவனித்தான். பாதத்துக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது கணுக்காலைத் தொட்டது. கட்டைகளைப் பார்த்தான். அவன் தோளுக்கு மேலே ஒரு முழம் வரைக்கும் பாசி பச்சையாகப் படிந்திருந்தது. பாசி இருக்கிற உயரம் வரைக்கும் தினம் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். 

நான்கு மணிக்கு 'சொட்'. இது அப்பாவுக்காக எழுதியது. 'கடல் இன்னைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கு. அப்பாகிட்ட சொல்லு, தொப்பி வாங்கிட்டேன்னு.'

டிங். டிங். டிங். மூன்று பதில்கள், அடுத்தடுத்து. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. அவன் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். அரை மணி நேரம் போல் ஆகியிருக்கும். காலையிலிருந்து இருபது தடவைக்கு மேல் அடித்த ஃபோன் செத்த எலி மாதிரிக் கிடந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வருகிறவள் கூப்பிட்டுக்கொண்டேதான் வருவாள். கூப்பிடுவதை நிறுத்தினால், தேடுவதையும் நிறுத்திவிட்டாள். அவன் எழுதி வைத்ததை நம்பிவிட்டாள். இன்னும் மீதி இருப்பது ஆறு மணி மெசேஜ்: 'ரூமுக்கு வந்து சேர்ந்துட்டேன். கால் ரெண்டும் கெஞ்சுது. ஃபோனை அணைச்சிட்டுத் தூங்கப் போறேன். நாளைக்குப் பேசறேன். நீயும் தூங்கு.' அது போய்விட்டால் நாளை வரைக்கும் உலகத்தில் ஒருத்தரும் அவனைத் தேடமாட்டார்கள். நாளைக்குத் தேட அவன் இருக்கமாட்டான். ஆறு மணிக்குள் ஃபோன் கைக்கு வந்தாக வேண்டும்.

முட்டாள், முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டு சட்டையின் முதுகுப் பாக்கெட்டைத் தடவினான். காலையிலேயே தடவியிருக்க வேண்டிய பாக்கெட். பஞ்சர் ஆனால் மாற்ற ஒரு டியூப் சுருட்டி வைத்திருந்தான். பக்கத்தில் மடக்கு ஸ்பேனர், அதில் ஒரு சின்னக் கத்தி. டியூபை வெட்டிப் பிரித்து, நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தான். இரண்டையும் முடிச்சுப் போட்டுச் சேர்த்தால் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு வந்தது. நுனியில் ஸ்பேனரைக் கட்டி, அதன் சாவி ஒன்றைக் கொக்கி போல விரித்துவிட்டான். லிஃப்ட் குழிக்குள் நூல் குண்டை ஆயிரம் தடவை இறக்கியிருக்கிறான். கீழே இறக்கித்தான் பழக்கம், மேலே எறிந்து பழக்கமில்லை.

முதல் தடவை எறிந்ததில் வலி தாங்காமல் கண் இருட்டியது. விழித்தபோது தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. இரண்டாவது தடவை ஸ்பேனர் கட்டையில் மோதித் திரும்பி வந்து அவன் நெற்றியிலேயே அடித்தது. "அடடா, குறி பிரமாதம்" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தான், எறிந்தான், எறிந்துகொண்டே இருந்தான். எண்ணுவதை விட்ட பிறகு எப்போதோ ஒரு தடவை சாவி முன்சக்கரத்தின் கம்பிக்குள் போய் மாட்டியது.

மெதுவாக இழுத்தான். ரப்பர் நீண்டதே தவிர சைக்கிள் நகரவில்லை. எடை போட்டால்தான் வரும் என்று அவனுக்குத் தெரியும். ரப்பரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, தன் உடம்பு முழுவதையும் வலது பக்கம் சாய்த்தான், அதாவது நல்ல இடுப்பின் பக்கம். அவன் போட்ட கூச்சலுக்கு மேலே ஊரே கூடியிருக்க வேண்டும், யாரும் கூடவில்லை. பின்சக்கரம் விடுபட்டது. சைக்கிள் உருண்டு அவன் மேலேயே வந்து விழுந்தது. கவ்வி உடைந்து ஃபோன் தெறிக்க, அதை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்தான்.

ஐந்து ஐம்பது. கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டிருந்தது. சார்ஜ் நான்கு சதவீதம். முதலில் அவன் பாட்டிலை எடுத்துக் குடித்தான். அப்புறம் ஆம்புலன்ஸுக்குத்தான் அடித்திருக்க வேண்டும், எந்தப் புத்தியுள்ளவனும் அதைத்தான் செய்வான். ஆனால் திரையில் அவள் பெயருக்குக் கீழே மெசேஜ்கள் வரிசையாக நின்றன. நாள் முழுக்க சத்தமாக மட்டும் கேட்டவை. கண் அதில் போய் விழுந்துவிட்டது.

10:02. 'சரி. மாமாவுக்கு வாய் ஒரு பக்கம் இழுக்குது. பேச்சு குழறுது. ஃபோனை எடுங்க.'

10:20. 'ஏங்க, எடுங்க.'

10:34. 'ஆம்புலன்ஸ்ல போயிட்டிருக்கோம். உங்களைத்தான் கேக்கறாரு.'

12:01. 'என்னங்க விளையாட்டு இது. நான் அனுப்பினது எதையும் பாக்கலையா.'

1:10. 'மூளையில ரத்தம் கசிஞ்சிருக்காம். ஆபரேஷன் பண்ணலாம், பண்ணாமலும் விடலாம்னு சொல்றாங்க. மகன் சொல்லணும்ங்கறாங்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க.'

1:40. 'நானே கையெழுத்து போட்டுட்டேன்.'

அதற்குக் கீழே அவனுடைய மெசேஜ். 'சாப்பாடு ஆச்சு, வயிறு முட்ட.'

அவன் திரையைக் கீழே தள்ளினான்.  அதற்குக் கீழே நாலு மணிக்கு அவன் அனுப்பிய தொப்பி. அதற்குக் கீழே அந்த மூன்று டிங்.

4:01. 'மாமா மூணே காலுக்குப் போயிட்டாரு.'

4:03. 'எட்டு, பத்து, பன்னெண்டு, ரெண்டு, நாலு. ஒரு நிமிஷம் கூட முன்னப்பின்ன இல்ல. மொத்தமா எழுதி வச்சிட்டு ஃபோனைப் பாக்காம சவாரி போயிட்டிருக்கீங்க. இப்பதான் எனக்குப் புரிஞ்சுது.'

4:04. 'காலையில வந்த மெசேஜைப் படிச்சுக் காட்டினேன். ராஜா மாதிரி போறாராம்னு சொன்னேன். வாய் இழுத்துக்கிட்டு இருந்தபோதும் சிரிச்சாரு. மெதுவா வாங்க. இனிமே ஒண்ணும் அனுப்பாதீங்க. நானும் என் தம்பியும் பாத்துக்கறோம்.'

தண்ணீர் தொடைக்கு வந்திருந்தது. அவன் "அப்பா, அப்பா" என்று குழந்தை மாதிரி அழுதான். நாள் முழுக்க அவள் தன்னைத் தேடுகிறாள் என்று பூரித்துக்கொண்டு கிடந்தானே, அந்த நினைப்பே அவனை வெட்டியது. ஒவ்வொரு தடவை ஃபோன் அடித்தபோதும் அங்கே அப்பா போய்க்கொண்டிருந்தார். இவன் இங்கே 'நல்லா அடி' என்று சிரித்துக்கொண்டிருந்தான்.

சார்ஜ் மூன்று சதவீதம். அவளைக் கூப்பிட்டான். ரிங் போனது. அவன் காலையில் இங்கே கிடந்து கேட்ட அதே அளவுக்கு முழுசாக ரிங் போய் நின்றது. எடுக்கவில்லை. எடுப்பாளா?

ஆம்புலன்ஸுக்கு அடித்தான். உடனே எடுத்தார்கள். ஒரு பெண் குரல். "விழுந்து கிடக்கேன்ம்மா, இருநூத்திப் பதினாலாவது கல்லு, கடல் பக்கம்..." என்று படபடவென்று ஆரம்பித்தான். குரல் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனது. "உங்கள் அழைப்பு வரிசையில் உள்ளது. தயவுசெய்து காத்திருக்கவும்." அப்புறம் இசை. அவன் தொழில்காரன் ஆயிற்றே, ஒரு வார்த்தையிலேயே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு நிமிஷம் காத்திருந்தான். இரண்டு சதவீதம் ஆனது. பயந்துபோய்த் துண்டித்தான்.

மணி ஐந்து ஐம்பத்தேழு. ஈர விரலை அந்த ஃபோன் விரலென்றே மதிக்கவில்லை. விரலைத் தலைமுடியில் துடைத்துத் துடைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான். 'விழுந்துட்டேன். இடுப்பு உடைஞ்சிடுச்சு. 214 கல் தாண்டி வளைவு, சுவருக்குக் கீழ. தண்ணி ஏறுது. ஆள் அனுப்பு.' அனுப்பினான். சொட். மணி ஐந்து ஐம்பத்தொன்பது.

அடுத்தது அந்த ஆறு மணி மெசேஜை அழிக்க வேண்டும். எழுதி வைத்தவை இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்தான். ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. பக்கத்தில் அழிப்பதற்கான குறி. விரிசல் சரியாக அதன் மேலே ஓடியது. அழுத்தினான். விரலைத் துடைத்து அழுத்தினான். மூக்கால் அழுத்தினான். ஓர் அலை வந்து முகத்தில் அடித்துவிட்டுப் போனது. ஃபோனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

சொட்.

'ரூமுக்கு வந்து சேர்ந்துட்டேன். கால் ரெண்டும் கெஞ்சுது. ஃபோனை அணைச்சிட்டுத் தூங்கப் போறேன். நாளைக்குப் பேசறேன். நீயும் தூங்கு.'

இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன. மேலே விழுந்துட்டேன், கீழே வந்து சேர்ந்துட்டேன். அவள் இரண்டையும் பார்த்துவிட்டதற்கு அடையாளம் விழுந்தது. எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடியும் எழுதினாள். அவன் மூச்சு விடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

'டிங்.'

'விழுந்துட்டேன்னு ரெண்டாவது தடவை. இதையும் நேத்தே எழுதி வச்சீங்களா?'

"இல்லம்மா" என்றான். "இது இப்ப எழுதினது. சத்தியமா இப்பதான்." விரலைத் தலைமுடியில் துடைத்தான். முடியும் நனைந்திருந்தது. இரண்டு எழுத்துத் தட்டினான், 'இல்' என்று விழுந்தது. மூன்றாவது எழுத்துக்கு விரலைக் கொண்டுபோகும்போது திரை கறுத்தது. அமுக்கினான், திருப்பி அமுக்கினான், சட்டைக்குள் விட்டுச் சூடு பண்ணி எடுத்து அமுக்கினான்.

மேலே ஒரு பஸ் வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. உடைந்த இடத்தில் அதன் குளிர்ச்சி இதமாகக்கூட இருந்தது. அவன் ஃபோனை விடாமல் பிடித்துக்கொண்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் அவளிடம் வாயாலேயே சொல்ல ஆரம்பித்தான்.